விளக்கு மங்காத வண்டி

சவுண்டுக்காரருக்கு இரண்டு சாமான்களைக் கண்டால் ஆகாது. ஒன்று மலிவான ஒயர். இன்னொன்று கெப்பாசிட்டர். ஒயரைத் திட்ட அவருக்கு ஒரு வார்த்தை போதும். கெப்பாசிட்டரைத் திட்ட அரை மணி நேரமாவது வேண்டும்.

"பாட்டு போட்டா ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு மங்குதுங்க, ஒரு கெப்பாசிட்டர் மாட்டிக் குடுங்க" என்று யாராவது காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், தொடங்கிவிடுவார்.

"மொதல்ல பேட்டரியப் பாக்கணும். அப்புறம் எர்த். அப்புறம் டைனமோ பெல்ட்டு. மூணும் சரியா இருந்து அதுக்கப்புறமும் மங்கினா வாங்க, பேசலாம். குளிக்காம சென்ட் அடிச்சுக்கிட்டா நாத்தம் போயிடுமா?"

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் துருப்பிடித்த எர்த் ஒயரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டி அனுப்பிவிடுவார். விளக்கு மங்குவது நின்றுவிடும். கண்ணாடி அலமாரியில் வெள்ளி டப்பா போல வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் தூசி படிந்துகொண்டே இருக்கும். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பக்கத்து டயர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

கார்களுக்குப் பாட்டுச் சாமான் பொருத்தும் கடை அது. முன்னால் ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத் தகரக்கூரை, அதற்குப் பின்னால் சாமான் அறை, அதற்கும் பின்னால் குடியிருக்கும் வீடு. சாமான் அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. வெயில் காலத்தில் தகரம் காய்ந்து கொதிக்கும், மழைக்காலத்தில் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பேச்சு கேட்காது. எந்தக் காலமானாலும் சவுண்டுக்காரர் கத்தித்தான் பேசுவார். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடைக்கு இன்னொரு ஆளும் உண்டு, அவர் மனைவி. வண்டிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் டெஸ்டிங்கம்மா. வேலை முடிந்ததும் சவுண்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் குந்திக்கொண்டு, திருப்புளியை ஆம்ப்ளிஃபயரின் திருகில் வைத்தபடி, "இந்தாம்மா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் வருவாள். முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொள்வாள். உள்ளிருந்து அவள் கை உயர்ந்தால் இன்னும் கூட்டு என்று அர்த்தம். உள்ளங்கை கவிழ்ந்தால் குறை. கட்டைவிரல் நின்றால் வண்டி போகலாம். பதினெட்டு வருஷமாக இதுதான் முறை. அவள் கட்டைவிரல் நிற்காமல் ஒரு வண்டிகூட அந்தத் தகரக்கூரையை விட்டு வெளியே போனதில்லை.

"மிஷின் வெச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

"மிஷின் பொய் சொல்லும். எங்க வீட்டுக்காரி சொல்ல மாட்டா" என்பார் சவுண்டுக்காரர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து, ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போகிற தூரத்தில் இருந்தாள். கைப்பேசி எல்லார் சட்டைப்பைக்கும் வந்து சேராத காலம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகள் வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவாள். அன்றுதான் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் சவுண்டுக்காரர் எழுந்து வரமாட்டார். அம்மாதான் பேசுவாள். பேசிவிட்டு வந்து, "நல்லா இருக்காளாம், உங்களக் கேட்டா" என்பாள். அவரும் "ம்" என்பார். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள நடுவில் எப்போதும் ஒரு அம்மா வேண்டியிருந்தது. அதில் ஒரு குறையும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

மகள் மூன்று மாதம் என்று கடிதம் வந்தபோது டெஸ்டிங்கம்மா அதை நாலு தடவை படித்தாள். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. அன்றைக்கு அவள் சாமான் அறையைத் தாண்டி ஓடிவந்து, வண்டிக்கு அடியில் படுத்திருந்தவரின் காலைப் பிடித்து ஆட்டினாள்.

"டாக்டரப் பாத்தாளாம். பேச முடியாம அழுறாங்க உங்க பொண்ணு, சந்தோஷத்துல."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஃபோன் இல்லை, கடிதமும் இல்லை. பத்து வாரம் ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் எட்டரை மணிக்கே டெஸ்டிங்கம்மா ஃபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஃபோன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பத்தரை வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து வெங்காயம் நறுக்கப் போவாள். கண் கலங்கினால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

"நாமளே ஒரு ஃபோன் போட்டுப் பாத்தா என்ன?" என்று சவுண்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

"வேணாங்க. ஆறாவது மாசம் நடக்குது. அசதியா இருக்கும். படுத்திருக்குற புள்ளய எழுப்பக் கூடாது" என்று தடுத்துவிட்டாள். ஆனாலும் அவள் சாப்பாடு பாதியாகிவிட்டதை அவர் கவனித்தார். மகள் எதற்காகவோ கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை வேன்காரர் வந்து சேர்ந்தார். பழைய டீசல் வேன். ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி முதல் கதவுப்பிடி வரை எல்லாமே நடுங்கும். சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் ஆடுவதற்கு வசதியாகப் பின்னால் இரண்டு பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் வைத்திருந்தார். அடி விழும்போதெல்லாம் விளக்கு மங்குகிறதாம்.

சவுண்டுக்காரர் வழக்கம்போல் ஆரம்பித்தார். பேட்டரி புதுசு. எர்த் பளபளவென்று இருந்தது. பெல்ட் இறுக்கம். மீட்டரை வைத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. வாயை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு கெப்பாசிட்டரை எடுத்துத் தூசியைத் துடைத்தார்.

"என்னண்ணே, சென்ட் அடிக்கப் போறீங்களா?" என்று வேன்காரர் சிரித்தார்.

"குளிச்சவனுக்கு அடிக்கலாம், தப்பில்ல. உங்க ஊஃபர் ஒவ்வொரு அடிக்கும் ஒரே மடக்குல கரண்ட்டக் குடிக்குது. பேட்டரி அந்தக் கோடியில இருக்கு. அங்கேருந்து வந்து சேர்றதுக்குள்ள இங்க பஞ்சம். அதான் விளக்கு மங்குது. இது என்ன பண்ணும்னா, ஊஃபர் பக்கத்துலயே ஒரு குடம் நெறைய வெச்சுக்கிட்டு நிக்கும். கேட்ட நொடியில ஊத்தும், அடுத்த நொடியில நெரப்பிக்கும். பாட்டு சத்தம் இதால ஒரு துளி கூடாது. விளக்கு மங்காது, அவ்வளவுதான். அதுக்கு மேல எவனாவது சொன்னா நம்பாதீங்க."

காலியான கெப்பாசிட்டரை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் பட்டென்று பொறி பறக்கும். ஆகவே நடுவில் ஒரு சின்ன பல்பைப் பிடித்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மெல்ல மங்கி, அணைந்தது. நிரம்பிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பெரிய ஃபியூஸை முன்பே கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். ஒயர்களை முறுக்கி இறுக்கினார். வேலை சுத்தமாக முடிந்தது. எஞ்சினை ஓடவிட்டு முன்விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

டெஸ்டிங்கம்மா வந்தாள்.

"கெப்பாசிட்டர் போட்டிருக்கேன். இனிமே விளக்கு ஆடவே ஆடாது, பாரு" என்று அவள் முகத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினாள். அவர் பின்பக்கம் போய்க் குந்தினார். வேன்காரர் டெக்கில் பாட்டுத் தட்டைப் போட்டார். டெக்கில் நொடிக்கணக்கு ஓடத் தொடங்கியது. சத்தம் வரவில்லை.

சவுண்டுக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. தன் மறதியை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முன் இருக்கையில் டெஸ்டிங்கம்மாவின் கை மெல்ல உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு உள்ளங்கை கவிழ்ந்தது. போதும். தலை லேசாகத் தாளத்துக்கு ஆடியது. கடைசியில் கட்டைவிரல் நின்றது.

"அம்மா தமாஷ் பண்றாங்க" என்றார் வேன்காரர்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "ரொம்பத் தெளிவா இருக்குங்க. கொரல் நல்லா எடுப்பா கேக்குது. தாராளமா எடுத்துக்கிட்டுப் போகலாம்."

சவுண்டுக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வழக்கமான சத்தத்தில், "ஃபியூஸ் என் பையில இருக்கு, இந்தாம்மா" என்றார். திரும்பிப் பார்த்தார். அவள் புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வேன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, ஒன்றும் கேட்காமல் நடந்துவிட்டார். நல்ல மனிதர்.

ஃபியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். டெக்கைப் பார்த்தாள். வேனின் முன்விளக்கைப் பார்த்தாள். பிறகு அந்த இருக்கையிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த டீசல் வண்டிங்க எல்லாம் சும்மாவே நடுங்குதுங்க" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "மத்த வண்டின்னா கதவுல கைய வெச்சாத் தெரிஞ்சுடும். இதுல எதிர்ச் சுவத்துல விழுற விளக்கத்தான் பாக்கணும். அடி விழுந்தா மங்கும். மங்குற அளவ வெச்சு எவ்வளவு சத்தம்னு சொல்லிடுவேன். நீங்க இனிமே மங்காதுன்னு சொன்னீங்க. அதான், பாடுது போலிருக்குன்னு நெனச்சுட்டேன்."

"எத்தன நாளா?"

"மெல்லிசான சத்தம் எல்லாம் கேக்காமப் போயி நாலு வருஷம் இருக்கும். மீதி போன வருஷம்."

"என்கிட்ட பேசிக்கிட்டுத்தான இருந்த!"

"நீங்கதான் ஊருக்கே கேக்குற மாதிரி வாயத் தொறந்து பேசுறீங்களே. உங்க வாயப் படிக்கிறது கஷ்டமே இல்ல. நீங்க உள்ள திரும்பிப் பாத்தாலே கூப்புடுறீங்கன்னு கதவு வழியாத் தெரிஞ்சுடும். மத்தவங்க வந்தா நானே வாயாடிக்கிட்டு இருந்துடுவேன், அவங்களப் பேசவிட்டாத்தான வம்பு?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சொன்னா நீங்க கடைய மூடிடுவீங்க. இல்ல, இந்த சீட்டுல வேற யாரையாவது உக்கார வெப்பீங்க. என்னக் கேக்காம நீங்க ஒரு வண்டிய வெளிய விட்டதில்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாங்க."

சவுண்டுக்காரர் தகரத்தூணைப் பிடித்துக்கொண்டார். மிஷின் பொய் சொல்லும், எங்க வீட்டுக்காரி சொல்ல மாட்டா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அவளோ அவரிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானமே காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். கோடு போட்ட தாளை டாக்டர் காட்டினார். கோடு படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே போயிருந்தது.

"மெல்லிசான சத்தம்தான் மொதல்ல போகும். பொம்பளைங்க கொரல், கொழந்தைங்க கொரல். கனமான சத்தம் கடைசில போகும். இவங்களுக்கு ரெண்டுமே போயிடுச்சு. எங்க வேல பாக்குறாங்க? மில்லுலயா?"

"என்கூடங்க" என்றார் சவுண்டுக்காரர்.

என்ன வேலை என்று விளக்கியதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடி ஏற்றிய காருக்குள், பதினெட்டு வருஷம், ஒரு நாளைக்கு மூன்று வண்டி, நான்கு வண்டி. நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தால் சத்தம் வரலாம், பேச்சு புரியும் என்று சொல்ல முடியாது என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிறகு சவுண்டுக்காரரையும் கண்ணாடி அறைக்குள் அனுப்பினார்.

"உங்க காது உங்க வயசுக்குப் பரவாயில்லையே. நல்லாவே இருக்கு."

ஏன் இருக்காது? அவர் வெளியே அல்லவா குந்தியிருந்தார். வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான ஒரு நல்ல சேதியை அவர் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடையில் நடந்தார்கள். வழியெல்லாம் அவர் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார், தன்னைத் தானே ஏசிக்கொண்டும் வந்தார். தெருமுனையில்தான் உறைத்தது, பக்கவாட்டில் நடக்கிறவளுக்குத் தன் வாய் தெரியாது என்று. நின்று, அவளைத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்றார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஃபோன்ல எப்படிப் பேசின?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"ஒன்பது மணிக்கு அடிக்கும்னு தெரியும். கைய வெச்சிருந்தா மணி கையில அடிக்கும். எடுத்துடுவேன். அவ பேசுவா. நான் கொஞ்சம் விட்டு 'சரி கண்ணு'ம்பேன். கொஞ்சம் விட்டு 'சாப்ட்டியா'ம்பேன். புள்ள எப்பவும் சொல்றதத்தான சொல்லப் போகுது. என் வாயப் பாத்துக்கிட்டா இருக்கா கண்டுபிடிக்க?"

"அன்னைக்கு அழுதான்னு சொன்னியே?"

"அது தெரிஞ்சுதுங்க. விட்டு விட்டு ஃபோன் அதிரும் பாருங்க, தேம்பினா. அவ பொறந்தப்போ நானும் அப்படித்தான் அழுதேன்."

சவுண்டுக்காரர் நடையை எட்டிப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் மகளின் நம்பரைச் சுழற்றினார். டெஸ்டிங்கம்மா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு ஆவல். ரகசியம் உடைந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்திருந்தது. இனிமேல் மகள் பேசுவதை அவர் வாய் வழியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

"அப்பாவா?" என்றாள் மகள். அந்தக் குரலில் பிரியம் இல்லை.

"ஏம்மா, ஃபோனே காணோம்?"

"உங்களுக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சாப்பா?"

"என்னம்மா இப்படிப் பேசுற? ஒடம்பு எப்படி இருக்கு?"

"அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? கொழந்த தங்கலப்பா. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்துதான் கூப்ட்டேன். இவர்கூட ஊர்ல இல்ல. எனக்கு அம்மாகிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னேன்."

"அம்மா என்னம்மா சொன்னா?"

"அதை அவங்களையே கேளுங்க. என் வாயால சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்."

டெஸ்டிங்கம்மா அவர் முழங்காலைத் தட்டினாள். "கொழந்த அசையுதான்னு கேளுங்க. ஆறாம் மாசம் நல்லா ஒதைக்கும். கேளுங்களேன்!"

காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவள் சொன்னது ஃபோனுக்குள் முழுசாகப் போய் விழுந்தது.

"அம்மா என்னப்பா சொல்றாங்க?" என்றாள் மகள். "அப்பா? அம்மா ஏன் அப்படிக் கேக்குறாங்க?"

"அம்மாவுக்குக் காது கேக்காதும்மா. போன வருஷமே சுத்தமா போயிடுச்சாம். எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். கெடுத்தது நாந்தான். நீ அன்னைக்குச் சொன்னது ஒண்ணுமே அவளுக்குக் கேக்கலம்மா."

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

"அவளுக்குக் கேக்காதேம்மா."

"பரவால்ல, குடுங்கப்பா."

அவர் கொடுத்தார். டெஸ்டிங்கம்மா இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பழக்கம்தானே. "சரி கண்ணு" என்றாள். கொஞ்சம் விட்டு, "சாப்ட்டியா கண்ணு?" என்றாள்.

சவுண்டுக்காரர் அவள் முன்னால் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். எத்தனையோ வண்டிகளின் பின்னால் குந்தியவர், அவளுக்கு முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவள் முகம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து சொன்னார்.

"கொழந்த..."

அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது. மீதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவருக்கு இருந்தது.

"...தங்கல. அன்னைக்கு ஒன்கிட்ட அதத்தான் சொல்லியிருக்கா."

அவள் புரியாதவள் போல அவர் உதட்டையே பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னார். அவளுக்கு அது முதல் தடவையே புரிந்துவிட்டிருந்தது.

"ஐயோ, நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றாள். "'ரொம்ப சந்தோஷம் கண்ணு, இந்த வார்த்தைக்குத்தான் இத்தன நாளா காத்துக்கிட்டிருந்தேன்'னு சொன்னேங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

சவுண்டுக்காரர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டாள். ஃபோனை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"கண்ணு, அம்மாவுக்கு ஒண்ணும் கேக்காது. அப்பா வாயப் பாத்துத்தான் பேசுறேன். அன்னைக்குச் சொன்னத எனக்கு இன்னொரு தடவ சொல்லு. இப்ப நான் ஒழுங்கா பதில் சொல்றேன்."

அவர் எழுந்து முகத்தை அவளுக்கு நேராக வைத்தபடி, ஃபோனை இருவருக்கும் நடுவில் தன் காதோரம் பிடித்துக்கொண்டார். பிறகு மகள், ஐந்து வயதில் கீழே விழுந்துவிட்டு வந்து சொன்ன குரலில், "அம்மா, கொழந்த தங்கலம்மா" என்றாள். அவர் அதை அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல், உதட்டால் சொன்னார்.

டெஸ்டிங்கம்மா அவர் வாய் மூடும்வரை பார்த்தாள்.

"ஐயோ, என் கண்ணே" என்றாள்.

அந்தப் பக்கம் மகள் வாய்விட்டு அழுவது அவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.